காம்பாக்ட் கேமரா வாங்கும் முன்: லென்ஸிலிருந்து தொடங்குங்கள்

2010-ல் உலகம் முழுவதும் 10 கோடிக்கும் மேற்பட்ட காம்பாக்ட் டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின. 2023-ல் அந்த எண்ணிக்கை 20 லட்சத்தைத் தொடவில்லை. மலிவான காம்பாக்ட் செய்துவந்த வேலையைக் கைபேசி எடுத்துக்கொண்டுவிட்டது. இன்று மிஞ்சியிருப்பவற்றில் கவனிக்கத்தக்கவை ஆர்வலர்களுக்கென்றே செய்யப்படுபவை. விலையிலும் லென்ஸ் மாற்றும் கேமராக்களோடு போட்டி போடுபவை. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கி, இரண்டு மாதத்தில் அலமாரிக்குள் தள்ளிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கேமராவைப் பார்க்கிறார்கள், அதில் பொருத்தியிருக்கும் லென்ஸைப் பார்ப்பதில்லை. காம்பாக்டில் அதைக் கழற்ற முடியாது. அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது லென்ஸ்தான்.

உங்கள் ஃபோக்கல் லெங்த் எது?

லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது என்பதைச் சொல்வது ஃபோக்கல் லெங்த்: எண் சிறிதானால் அகலக் காட்சி, பெரிதானால் நெருக்கக் காட்சி. இங்கே சொல்லும் ஃபோக்கல் லெங்த் எல்லாம் ஃபுல் ஃபிரேமுக்கு (36 x 24 மி.மீ. அளவுள்ள சென்சார், அதாவது ஒளியைப் பதியும் சில்லு) இணையான கணக்கு. ஏற்கெனவே ஜூம் லென்ஸ் வைத்திருந்தால் விடை உங்கள் கணினியிலேயே இருக்கிறது. கடந்த ஓராண்டில் எடுத்த படங்களில் உங்களுக்கே பிடித்த 200 படங்களை மட்டும் தனியே பிரித்து, லைட்ரூம், டிஜிகேம் போன்ற படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளில் ஃபோக்கல் லெங்த் வாரியாக வடிகட்டிப் பாருங்கள். எடுத்த எல்லாப் படங்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஜூமின் இரு முனைகளிலும் படங்கள் குவிந்து கிடக்கும், அது சோம்பலின் கணக்கு. பிடித்த படங்கள் எங்கே கூடுகின்றன என்பதுதான் முக்கியம்.

கைபேசி மட்டுமே இருந்தால் இன்னொரு வழி. பெரும்பாலான கைபேசிகளின் முதன்மை லென்ஸ் 24 முதல் 26 மி.மீ. வரை. அதை 1.5 மடங்கில் நிறுத்தினால் ஏறக்குறைய 36 முதல் 39 மி.மீ. வரும். ஒரு வாரம் அதே இடத்தில் வைத்து, விரலால் பெரிதாக்காமல் படமெடுங்கள். மூச்சு முட்டினால் 28 மி.மீ. உங்களுக்கானது. போதாமல் இன்னும் நெருங்கிப் போகத் தோன்றினால் 40 அல்லது 50. ஒரு வாரத்தில் பத்து முறையாவது ஜூமைத் தேடிக் கை போனால், ஒற்றை ஃபோக்கல் லெங்த் கேமராவை மறந்துவிட்டு ஜூம் உள்ளதையே பாருங்கள்.

ஒற்றை லென்ஸ் பக்கம் முக்கியமானவை (எஃப் எண் என்பது லென்ஸின் துளையான அப்பர்ச்சரின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது, ஒளி அதிகம்): ரிக்கோ ஜிஆர் 3 (2019, 28 மி.மீ., எஃப் 2.8), அதன் உடன்பிறப்பு ஜிஆர் 3எக்ஸ் (2021, 40 மி.மீ.), ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை (2011 முதல், 35 மி.மீ., எஃப் 2). இவை மூன்றிலும் இருப்பது ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார். பணம் ஒரு பொருட்டே இல்லை என்பவர்களுக்கு ஃபுல் ஃபிரேம் சென்சாரோடு லைக்கா க்யூ வரிசை, பெரும்பாலும் 28 மி.மீ., எஃப் 1.7. ஜூம் பக்கம் 1 அங்குல சென்சார் கொண்ட சோனி ஆர்எக்ஸ்100 வரிசையும் கேனான் ஜி7எக்ஸ் வரிசையும். இரண்டுக்கும் நடுவில் பானசோனிக் எல்எக்ஸ்100: மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார், 24 முதல் 75 மி.மீ.

1/2.3 அங்குல சென்சார் உள்ள சிறு கேமராக்களைப் பற்றி ஒரே வரி: தண்ணீருக்குள் எடுக்கவோ 30 மடங்கு ஜூமுக்காகவோ என்றால் ஒழிய வேண்டாம். அந்த அளவு சென்சார் கைபேசியிலேயே இருக்கிறது. கைபேசியின் மென்பொருள் அதைவிடக் கெட்டி.

சென்சார் அளவையும் அப்பர்ச்சரையும் சேர்த்தே கணக்கிடுங்கள்

விளம்பரத் தாளில் சென்சார் ஒரு வரியிலும் அப்பர்ச்சர் இன்னொரு வரியிலும் இருக்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டுமே ஏமாற்றும். 1/2.3 அங்குலம் என்பது சுமார் 28 சதுர மி.மீ. பரப்பு. 1 அங்குல சென்சார் உண்மையில் 13.2 x 8.8 மி.மீ., அதாவது 116 சதுர மி.மீ. (பெயரில் உள்ள அங்குலத்துக்கும் அளவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.) மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 225, ஏபிஎஸ்-சி 366, ஃபுல் ஃபிரேம் 864.

ஏபிஎஸ்-சி 1 அங்குலத்தைவிட மூன்று மடங்கு பெரிது, அதாவது ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ஸ்டாப் சாதகம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). ஆனால் ஜிஆர் 3-இன் லென்ஸ் எஃப் 2.8, ஆர்எக்ஸ்100-இன் அகல முனை எஃப் 1.8. அந்த வேறுபாடே ஒன்றேகால் ஸ்டாப். கழித்துப் பார்த்தால் 28 மி.மீ. அருகில், மங்கிய வெளிச்சத்தில், பெரிய சென்சாருக்கு மிஞ்சுவது அரை ஸ்டாப்தான். வெயிலில் கதை வேறு: ஒளிக்குப் பஞ்சமில்லாதபோது பெரிய சென்சாரின் முழுப் பலனும் கிடைக்கும், பிறகு கணினியில் நிழலை வெளிச்சமாக்கினாலும் படத்தில் குருணை எழாது.

இன்னொரு கணக்கு இதைவிடச் சுவையானது. ஜிஆர் 3-இல் 35, 50 மி.மீ. என இரண்டு கிராப் வசதிகள் (படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுப்பது) உண்டு. 50-க்குப் போனால் 24 மெகாபிக்ஸல் 7 ஆகிவிடும்; பயன்படும் சென்சார் பரப்பு 366-லிருந்து ஏறக்குறைய 115 சதுர மி.மீ.க்குச் சுருங்கும். அதாவது அந்த நிமிடத்தில் உங்கள் கையில் இருப்பது எஃப் 2.8 லென்ஸ் பொருத்திய 1 அங்குல கேமரா. கிராப் செய்துகொண்டே 50 மி.மீ. வேலையைப் பார்த்துவிடலாம் என்று ஜிஆர் வாங்குகிறவர், நேராக 24 முதல் 70 மி.மீ. வரையுள்ள ஆர்எக்ஸ்100 வகையை வாங்குவதே மேல். அதில் 20 மெகாபிக்ஸலாவது மிஞ்சும். எக்ஸ்100விஐ (2024) 40 மெகாபிக்ஸல் என்பதால் கிராப்பை இன்னும் கொஞ்சம் தாங்கும்.

ஜூம் லென்ஸில் கவனிக்க வேண்டியது நீண்ட முனையின் எண். 2012-ல் வந்த முதல் ஆர்எக்ஸ்100 28 மி.மீ.யில் எஃப் 1.8, 100 மி.மீ.யில் எஃப் 4.9. மூன்றாம் பதிப்பிலிருந்து ஐந்தாம் பதிப்பு வரை ஜூமை 24-70 ஆகக் குறைத்து, எஃப் 1.8-2.8 ஆக்கினார்கள். ஆறும் ஏழும் 24-200, எஃப் 2.8-4.5, கூடவே உள்ளே இருந்த என்டி ஃபில்ட்டரும் (ஒளியைக் குறைக்கும் வடிகட்டி) போய்விட்டது. புதிய பதிப்பு என்பதற்காக ஏழாம் பதிப்பை வாங்கி, வீட்டுக்குள் மாலை நேரத்தில் எடுத்துப் பார்த்து, பழையதே தேவலை என்று புலம்புவது இதனால்தான். பயணத்துக்கு ஏழு, இருட்டுக்கு மூன்று முதல் ஐந்து.

இவற்றுக்கென்றே உள்ள பலம்

சிறிது, லேசு என்பதை எல்லோரும் சொல்வார்கள். ஜிஆர் 3 பேட்டரியோடு சேர்த்தே 257 கிராம்தான். அதைவிட முக்கியமான, பலரும் பயன்படுத்தாமலே விடும் பலம் ஒன்று உண்டு. இந்தக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. லீஃப் ஷட்டர். லென்ஸ் மாற்றும் கேமராக்களில் ஃபிளாஷோடு சாதாரணமாகப் போகக்கூடிய வேகம் 1/200 அல்லது 1/250 நொடி. லீஃப் ஷட்டரில் 1/1000-க்கு மேலும் போகலாம்.

உச்சி வெயிலில் ஒருவரை எடுக்கிறீர்கள், கண்குழியில் கருநிழல். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100-ல் வெயிலுக்கான எக்ஸ்போஷர் எஃப் 4-ல் சுமார் 1/1600. லீஃப் ஷட்டரில் அப்படியே வைத்து ஃபிளாஷைப் போடலாம். 1/250-க்கு மேல் போக முடியாத கேமராவில் அதே வெயிலுக்கு எஃப் 10 வரை மூட வேண்டும். நிழலை நிரப்ப ஃபிளாஷ் ஆறு மடங்கு ஒளியைக் கக்க வேண்டும். சிறிய உள்ஃபிளாஷே காம்பாக்டில் போதுமானதாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

செய்முறை: கேமராவை மேனுவலில் வையுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 4, 1/1000-ல் தொடங்கி, பின்னணி வானம் நீலமாகத் தெரியும்வரை ஷட்டர் வேகத்தை மட்டும் கூட்டுங்கள். பிறகு ஃபிளாஷைத் திறந்து, ஃபிளாஷ் அளவை மைனஸ் 1-ல் வைத்து, ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எடுங்கள். முகம் எண்ணெய் வழிவதுபோல் மினுங்கினால் மைனஸ் 1.7. வெளி ஃபிளாஷ் மாட்டினால் முழுச் சக்தியில் விடாதீர்கள். அதன் ஒளி வெடித்து அடங்கும் நேரம் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைவிட நீளமாகி, பாதி ஒளி வீணாகும். ஜிஆர் 3-இல் உள்ஃபிளாஷ் கிடையாது, முந்தைய ஜிஆர் 2-இல் இருந்தது. வாங்கும்போது கவனிக்க வேண்டிய வேறுபாடு.

லீஃப் ஷட்டருக்கும் குறை உண்டு. முதல் எக்ஸ்100-இல் எஃப் 2-ல் 1/1000-க்கு மேல் போகாது. அதற்காகத்தான் உள்ளேயே என்டி ஃபில்ட்டர் வைத்தார்கள். மெனுவில் அதை ஒரு பட்டனுக்கு ஒதுக்கிவிட்டால் வெயிலில் திண்டாட வேண்டியதில்லை. சில மாடல்கள் ஷட்டர் வேகம் எல்லை தாண்டினால் தாமாகவே எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறிவிடும். அப்போது ஃபிளாஷ் எரியாது. எல்இடி விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஓடும் வண்டியின் சக்கரம் கோணும். மெனுவில் மெக்கானிக்கல் ஷட்டர் மட்டும் என்று பூட்டிவைப்பது நல்லது.

இன்னொரு பலம் ஆழம். 1 அங்குல சென்சாரில் எஃப் 4 வைத்தாலே ஃபுல் ஃபிரேமில் எஃப் 11 வைத்த அளவுக்கு முன்னும் பின்னும் கூர்மை கிடைக்கும். குழுப்படம், உணவு, இயற்கைக் காட்சி, எதற்கும் அதற்கு மேல் மூட வேண்டாம். மூடினால் கெடும்: 20 மெகாபிக்ஸல் 1 அங்குல சென்சாரின் ஒவ்வொரு பிக்ஸலும் 2.4 மைக்ரான்தான். எஃப் 8-ல் ஒளி வளைந்து பரவும் புள்ளியின் குறுக்களவு 10 மைக்ரானைத் தாண்டுகிறது. நான்கு பிக்ஸல் அகலத்துக்கு மங்கல். இந்தச் சென்சாருக்கு எஃப் 5.6-ஐ எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ்-சியில் எஃப் 8 வரை தாராளமாகப் போகலாம்.

பின்னணியைக் கரைக்க வேண்டும் என்பவர்களுக்கு இதே ஆழம் தலைவலி. 1 அங்குலத்தில் எஃப் 2.8 என்பது ஃபுல் ஃபிரேமின் எஃப் 7.6 போல. ஒரே வழி, ஜூமின் நீண்ட முனைக்குப் போய், ஆளை நெருங்கி, பின்னணியைத் தள்ளி வைப்பது. அதற்கும் ஓரளவுதான் பலன்.

கையில் எடுத்துச் சோதிக்கும்போது

புதிதோ பழையதோ, பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு இவற்றைச் செய்யுங்கள்.

முதலில் தூசி. அப்பர்ச்சரை எஃப் 11 அல்லது 16-க்கு மூடி, மேனுவல் ஃபோகஸை மிக அருகில் வைத்து, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். மங்கிய சாம்பல் வட்டம் தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸ் மாற்றாத கேமராவில் தூசி எப்படி வரும் என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறை லென்ஸ் குழல் வெளியே நீளும்போதும் உள்ளே காற்று இழுபடுகிறது. சட்டைப்பையின் நூல்தூசியும் கூடவே போகிறது. வெளியே எடுத்துத் துடைக்க வழியில்லை, சர்வீஸ் மையத்தில் பிரித்துத்தான் ஆக வேண்டும். பழைய கேமராவில் இது இருந்தால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

அடுத்து லென்ஸ் சாய்வு. செங்கல் சுவரையோ விரித்து ஒட்டிய செய்தித்தாளையோ நேருக்கு நேர் நின்று, அப்பர்ச்சரை முழுதும் திறந்து எடுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் குழைந்திருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது. கீழே விழுந்த கேமராவாக இருக்கக்கூடும். ஜூம் உள்ளதில் அகலம், நடு, நீளம் என மூன்று இடத்திலும் எடுக்க வேண்டும்.

பிறகு கேமராவை நேராகவும், லென்ஸ் தரையைப் பார்க்கவும், வானைப் பார்க்கவும் பிடித்து, ஒவ்வொரு நிலையிலும் சில முறை அணைத்து அணைத்து இயக்குங்கள். குழல் தயங்கினாலோ அரைபடும் சத்தம் வந்தாலோ பல்சக்கரத்தில் மணல் அல்லது தேய்மானம். இந்தக் கேமராக்கள் சாவதற்கு முதல் காரணமே இந்தக் குழல்தான். லென்ஸ் பழுது என்று திரையில் ஒருமுறை வந்தாலும் வாங்காதீர்கள்.

கடைசியாக, விளக்கு குறைந்த மூலையில் ஆட்டோஃபோகஸ். சாயம் ஒரே மாதிரி உள்ள சுவரில் அல்ல, ஒரு முகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஜிஆர் 3 அங்கே முன்னும் பின்னும் அலைபாயும். அது பழுதல்ல, அதன் குணம். நடமாடும் குழந்தைகளை வீட்டுக்குள் எடுப்பதுதான் உங்கள் வேலை என்றால் இந்த ஒரு சோதனையே முடிவைச் சொல்லிவிடும்.

குறைகளைச் சமாளிக்கும் அமைப்புகள்

ஃபோகஸ் தடுமாற்றத்துக்கு மருந்து, ஃபோகஸே செய்யாமல் எடுப்பது. ஜிஆர் 3-இன் உண்மையான லென்ஸ் 18.3 மி.மீ.; எஃப் 8-ல் 2.1 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் வைத்தால் எல்லையின்மை வரை கூர்மை. ஸ்னாப் ஃபோகஸ் (முன்கூட்டியே குறித்துவைக்கும் ஃபோகஸ்) தூரத்தை 2.5 மீட்டரில் வையுங்கள், 1.15 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவு. ஷட்டரை ஒரே அழுத்தில் முழுக்க அழுத்தினால் கேமரா ஃபோகஸ் தேடாமல் உடனே எடுக்கும். எக்ஸ்100-இல் இதையே மேனுவல் ஃபோகஸில் 3.3 மீட்டர், எஃப் 8 என்று வைக்கலாம், 1.65 மீட்டரிலிருந்து தெளிவு கிடைக்கும். தெருவில் எடுப்பவர்களுக்கு எந்த ஆட்டோஃபோகஸும் இதற்கு ஈடில்லை. மங்கிய வெளிச்சத்தில் எஃப் 8 கட்டுப்படியாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆட்டோ ஐஎஸ்ஓவை அப்படியே விட்டால் பல மாடல்கள் 1/30, 1/60 என்று இறங்கிவிடும். ஸ்டெபிலைசர் உங்கள் கைநடுக்கத்தைத் தாங்கும், எதிரே இருப்பவர் அசைவதை அது என்ன செய்யும்? குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/125-ல் வையுங்கள், நடப்பவர்களுக்கு 1/250. மேல் எல்லை 1 அங்குலத்துக்கு ஐஎஸ்ஓ 1600, தவிர்க்க முடியாவிட்டால் 3200, ஏபிஎஸ்-சிக்கு 6400.

ரா (கேமரா திருத்தாத மூலக் கோப்பு), ஜேபெக் இரண்டும் சேர்த்துப் பதியுங்கள். சிறிய ஜூம் லென்ஸ்கள் அகல முனையில் கோடுகளைப் பீப்பாய்போல் வளைக்கும். மென்பொருள்தான் இழுத்து நேராக்குகிறது. மூலைகள் சற்றே குழைவது அதனால்தான். ரா ஃபைலைத் திறக்கும் மென்பொருள் அந்த லென்ஸ் திருத்தத்தைப் படிக்கிறதா என்று வாங்கிய முதல் நாளே பார்த்துவிடுங்கள். டிஜிட்டல் ஜூமை அணையுங்கள். ஜூம் வளையத்தை 24, 28, 35, 50 எனப் படிப்படியாக நிற்கும்படி வைத்தால் ஃபோக்கல் லெங்த் மனதில் பதியும்.

பேட்டரியில் எந்த மாயமும் இல்லை. ஜிஆர் 3 ஒரு சார்ஜில் சுமார் 200 படம், ஆர்எக்ஸ்100 வரிசை பதிப்பைப் பொறுத்து 220 முதல் 350 வரை. வெளியே கிளம்பினால் கூடுதலாக இரண்டு. தானாக அணையும் நேரத்தை ஒரு நிமிடமாக்கி, வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிட்டால் கொஞ்சம் கூடும். வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) இல்லாத மாடலில் வெயிலில் திரை வெளிச்சத்தை உச்சத்தில் வைக்க வேண்டிவரும். அதுவும் பேட்டரியைத்தான் தின்னும். நீண்ட 4கே வீடியோவுக்கு இவற்றை நம்பாதீர்கள். சின்ன உடம்பு, சூடு வெளியேற இடமில்லை. ஆர்எக்ஸ்100-இன் நான்காம், ஐந்தாம் பதிப்புகள் 4கேவை ஐந்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

வைத்துக் காப்பது

சட்டைப்பைக்குள் தவறுதலாக இயங்கினால் குழல் துணியோடு முட்டி மோதிப் பல்சக்கரம் தேயும். ஆன் பட்டன் எளிதில் அமுங்கும் மாடலுக்கு மெல்லிய உறை தேவை. உறையை மாதம் ஒருமுறை உள்வெளியாகத் திருப்பி உதறுங்கள். கடற்கரை மணலில் ஜூம் கேமராவைத் திறக்கவே வேண்டாம். அழுத்தக் காற்றுக் குப்பியைக் குழலின் இடுக்கில் அடிப்பது தூசியை உள்ளே ஓட்டிவிடுவதற்குச் சமம்; ரப்பர் ஊதுகுழலால், குழல் கீழே பார்த்திருக்க, மெதுவாக ஊதினால் போதும். ஏசி அறையிலிருந்து வெக்கைக்கு வரும்போது அரை மணி நேரம் மூடிய பைக்குள்ளேயே வைத்திருந்தால் கண்ணாடியில் நீர் படியாது. மழை என்றால், பெரும்பாலானவை தாங்காது. எக்ஸ்100வியும் எக்ஸ்100விஐயும் தாங்கும் என்பதும், முன்னால் அடாப்டர் வளையமும் ஃபில்ட்டரும் மாட்டினால்தான்.

2000-களின் பழைய சிசிடி (அந்தக் கால வகைச் சென்சார்) காம்பாக்டுகளைத் தேடிப் போகிறவர்களுக்கு: 2006-க்கு முந்தைய பல மாடல்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டைப் படிக்காது, சில எக்ஸ்டி கார்டு, மெமரி ஸ்டிக் மட்டுமே கேட்கும். கேமராவுக்கு விலை பேசும் முன், அதற்கான கார்டும் உப்பாத பேட்டரியும் சார்ஜரும் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றும் உடன் வராத கேமராவை விட்டுவிடுங்கள்.